திட்டில் இறங்கிய கூழைக்கடா

நான் கூப்பிட்டால் வருகிற ஆள். இது நல்ல குணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடாவிட்டால் வராத ஆள் என்பதுதான் அதற்கு முழு அர்த்தம் என்று, ஒரு குளத்தின் நடுவே கிழிந்த பேண்ட்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஏசுநாதர் வந்த வேலையெல்லாம் முடித்துவிட்ட வயது. நான் எதையும் தொடங்கவே இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் மஸ்கட்டில் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டான். பகல் முழுக்க அடுத்தவர்களிடம் "இது தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்பதுதான் என் மொத்தப் பேச்சுவார்த்தை. சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் மறுநாள் கடை திறக்கிறவரை வாயைத் திறக்கிற வேலை கிடையாது. (பல் விளக்குவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இந்த நிலைமையில் தரகர் சூசை போன் செய்தார்.

"தம்பி, பொண்ணு டீச்சரு. வடமதுரைப் பக்கம். உங்க போட்டோவப் பாத்துருச்சு. ஞாயித்துக்கிழமை உங்களத் திட்டுக்கு வரச் சொல்லுது."

"திட்டுக்கா? நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்?"

"அட நீங்க வேற. குளத்துக்குள்ள மேடு இருக்குல்ல, அந்தத் திட்டு. மழைக்குப் பெறகு அங்கன பறவைக வந்து கூடு கட்டும். அதுக்கு முன்னாடி ஊரே போயிச் சுத்தம் பண்ணுவாக. வீட்டுல உக்காந்து பஜ்ஜி தின்னா ஆளு எப்புடின்னு தெரியாதாம். வேலை செய்யுறப்பத்தேன் தெரியுமாம்."

எனக்குப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. பஜ்ஜி தின்கிறபோது நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"சரி, உங்க தரப்புல யாரு யாரு வாராக?" என்று கேட்டார் சூசை.

நான் யோசித்தேன். வீட்டு ஓனர் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போய்விடுவார். டீக்கடை முருகனைச் சித்தப்பா என்று கூட்டிப் போகலாம், ஆனால் அவனுக்கு என்னைவிட வயது குறைவு. நான் யோசிக்கிற நேரத்திலேயே சூசைக்குப் புரிந்துவிட்டது. "ஒண்ணும் பிரச்சனையில்ல தம்பி, நான் கூட வாரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் வரவில்லை. வத்தலக்குண்டில் வேறொரு மாப்பிள்ளைக்கு அவசரமாம். நான் முதல் பூசை முடித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் புதுப் பேண்ட்டும் மாட்டிக்கொண்டு, தனியாகப் பெண் பார்க்கப் பஸ் ஏறினேன்.

கரையில் ஊரே நின்றது. எல்லோரும் பழைய, வெளுத்த, மண்ணோடு மண்ணாக ஒட்டுகிற உடுப்பு. நான் மட்டும் சர்ச்சில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளை மாதிரி பளிச்சென்று போய் நின்றேன். சுடிதாருக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு ஒரு பெண் வந்தார். அவர்தான் ரோஸ்லின்.

"வாங்க. சாப்டீங்களா?" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "வேற சட்டை கொண்டாரலையா?" என்றார்.

"பொண்ணு பாக்கன்னு வந்ததால..."

"அது சரி" என்று சிரித்துவிட்டு வாளியை நீட்டினார். "போனை இதுல போடுங்க. திட்டுல மணியடிக்கக் கூடாது."

போகிற வழியில் அவரே விளக்கினார். மழைத் தண்ணீர் குளத்துக்குள் வரும்போது தெர்மோகோல், பாலிதீன் பை, அறுந்த மீன்வலை எல்லாவற்றையும் இழுத்துவந்து திட்டில் ஒதுக்கிவிடும். அந்த வலையின் நைலான் இழை குஞ்சுகளின் காலிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டால் அதோடு கதை முடிந்தது. அதனால் பறவைகள் இறங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வீடு ஆட்கள் போய் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு வருவார்கள். கடைசிப் பரிசல் கரைக்கு வந்ததும் திட்டுக்குக் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். குஞ்சுகள் வளர்ந்து பறந்து போகிறவரை யாரும் கால் வைக்கக் கூடாது. கரையில் சத்தமாகப் பேசக்கூடக் கூடாது. தீபாவளிக்கு வெடி இல்லை, மாதா திருவிழாவுக்கு மைக் செட் இல்லை.

"கல்யாணத்துக்கு?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கும் கொட்டு கெடையாது."

எனக்கு ரொம்பச் சவுகரியம் என்று நினைத்துக்கொண்டேன். கொட்டு வைத்தாலும் என் பக்கத்தில் ஆட ஆள் இல்லை.

பரிசல் ஓட்டியது ரோஸ்லினின் அப்பா ஆரோக்கியம். குளத்துக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர், திட்டுக்கும் அவர்தான் ராஜா. எனக்கு ஒரு வணக்கம் வைத்தார், நான் பதில் வணக்கம் வைப்பதற்குள் துடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் அவருடைய தலை முழுக்க அன்றைக்கு வலைத் துண்டுகள்தான் இருந்தன.

திட்டு என்பது ஒரு சர்ச் வளாகம் அளவுக்கு இருக்கும். நெருக்கமாகக் கருவேல மரங்கள், காலடியில் சகதி, எங்கு பார்த்தாலும் முள். நான் மாடு மாதிரி வேலை செய்தேன். வேலை செய்யும்போதுதான் ஆளைத் தெரியும் என்று சொன்ன பெண் அல்லவா, ஒவ்வொரு பாலிதீன் பையையும் அவர் கண்ணில் படுகிற மாதிரி எடுத்தேன். ஒரு முறை பக்கத்தில் வந்து, "நல்லாப் பண்றீங்களே" என்றார். என்னை யாராவது நேரில் பாராட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தை போதாதா? மரத்தில் சிக்கியிருந்த வலைத் துண்டை எடுக்கிறேன் என்று ஏறினேன். எடுத்தேன். கீழே குதித்தேன்.

டர்.

பேண்ட் பின்பக்கம், இடுப்பிலிருந்து கிட்டத்தட்ட முழங்கால்வரை. உள்ளே பச்சைக் கோடு போட்ட பட்டாபட்டி. (அப்பாவுடைய பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் விளக்கம் கேட்காதீர்கள்.) சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. நல்லவேளை என்று மெல்லப் பின்னாலேயே நடந்து, திட்டின் மறுகோடியில் ஒரு தடித்த கருவேல மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் பரிசலில் ஏறி உட்கார்ந்த பிறகு கடைசி ஆளாக, முகத்தை அவர்கள் பக்கம் காட்டியபடியே ஏறிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

வேலை முடிந்தது. பரிசல்கள் இரண்டு மூன்று நடை போய் வந்தன. கடைசி நடைக்கு ஆரோக்கியத்தின் குரல் கேட்டது.

"எல்லாரும் ஏறியாச்சா? அவகவுக வீட்டு ஆளப் பாத்துக்கங்கப்பா."

"எங்க வீட்டுல வந்தாச்சு."

"எங்க ஆளுகளும் ஏறியாச்சு."

"மேலத்தெருவு அம்புட்டுப் பேரும் இங்கதேன் இருக்கோம்."

நான் எழுந்துவிட்டேன். அந்த மரத்துக்கும் பரிசலுக்கும் நடுவில் ஓட்டமாக ஓடினால் எட்டிவிடுகிற தூரம்தான். ஆனால் ஓடவில்லை. அடுத்ததாக யாராவது, "அந்தத் திண்டுக்கல்லுத் தம்பி எங்க?" என்று கேட்பார்கள், "இந்தா வந்துட்டேன்" என்று போய்விடலாம் என்று நின்றேன். ஒரு தடவை கேட்டால் போதும். யாரும் கேட்கவில்லை. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அப்போதும் நான், பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்புவார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர்கள்மேல் குற்றமே இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். நான் எந்த வீட்டு ஆளும் இல்லை.

போன் வாளியில். தண்ணீர் ஆள் மட்டத்துக்கு மேல். எனக்கு நீச்சல் தெரியாது.

கரையில் ஆலமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முகம் தெரியாத தூரம். ஆனால் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. கறிக்குழம்பாகத்தான் இருக்கும். எனக்கென்று ஓர் இலை போட்டு வைத்திருப்பார்கள், அது காலியாகக் கிடப்பதை இப்போது யாராவது கவனிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்தி ஒரு மூச்சு முடிந்து, அடுத்த பந்தி உட்கார்ந்தது. அன்றைக்குப் பட்ட வருத்தத்தில் பசி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெட்கத்தைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. கரை தெரிகிற பக்கமாக வந்து, திட்டில் கத்தக் கூடாதே என்று வெள்ளைச் சட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன்.

கரையில் உடனே பலன் தெரிந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் கை நீட்டிக் காட்டினார். அப்பாடா என்று இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர்கள் குனிந்து, பூனை மாதிரி, ஒவ்வொருவராகக் கரைக்கு அந்தப்பக்கம் இறங்கி மறைந்தார்கள். செத்த நேரத்தில் கரையில் ஈ காக்கை இல்லை. நான் ஆட்ட ஆட்ட ஊர் தூரமாகப் போனது.

என்ன நடந்தது என்பதை ரோஸ்லின் பிற்பாடு சொன்னார். வெள்ளையாகப் பெரிதாக ஒன்று திட்டில் சிறகடிப்பதைப் பார்த்த ஆரோக்கியம், "ஏத்தா, கூழைக்கடா எறங்கிருச்சு போலருக்கே" என்றிருக்கிறார். கதவு சாத்திய அன்றைக்கே கூழைக்கடா வந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லையாம். சிலுவை போட்டுக்கொண்டு, "மூச்சுக் காட்டாமப் போங்க, பயந்துரப் போகுது" என்று ஊரையே கரைக்குப் பின்னால் இறக்கிவிட்டார். (தொழில் தர்மப்படி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கரையில் நின்றவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி தேவை.)

வெயில் சாய்ந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நிஜமான பறவைகள் வந்தன. அரிவாள் மூக்கன்கள். கிழக்கே இருந்து ஒரு கூட்டமாக வந்து, திட்டுக்கு மேலே சுற்றின. ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே சுற்றின, பின்தங்கியதை முன்னால் போனது கூப்பிட, அது பதில் சொல்ல, இப்படியே. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு எனக்குப் பயமும் இல்லை, பசியும் இல்லை. இதுகளுக்குக்கூட இவ்வளவு ஆள் இருக்கிறதே என்று தோன்றியது.

அதிலேயே சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இருட்டப் போகிறது, ராத்திரி முழுக்க இங்கேதான் என்று திடீரென்று உறைத்துவிட்டது. எழுந்து நின்று, முப்பத்து மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"ஏங்க... நான் இங்க இருக்கேங்க..."

பறவைகள் மொத்தமாக எழும்பி, ஒரு திருப்பு திரும்பி, வந்த வழியே போய்விட்டன.

கரையில் ஆட்கள் முளைத்தார்கள். பரிசல் வந்தது. ஆரோக்கியம் முன்னால் நின்றார், கையில் துடுப்பைப் பிடித்திருந்த விதம் ஓட்டுகிற விதமாக இல்லை. பறவை பிடிக்கிறவன் என்று முடிவே செய்துவிட்டார். ஆனால் திட்டில் சத்தம் போடக் கூடாதே. அதனால் கிசுகிசுவென்று கேட்டார்.

"ஏலே, யாருலே நீ?"

"நாந்தேன்யா. சேவியரு." நானும் கிசுகிசுத்தேன்.

"எந்தச் சேவியரு?"

"திண்டுக்கல்லு. பொண்ணு பாக்க வந்தவன்."

"எந்தப் பொண்ண?"

"உங்க பொண்ணத்தேன்யா."

அவர் என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், கூழைக்கடாவைப் பற்றிய உண்மை அவருக்கு மெல்ல விளங்கியது. அதற்குப் பிறகு கரை சேர்கிறவரை ரகசியக் குரலில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலில் நின்ற மாதிரியே இருந்தது. திட்டிலும் இருந்தேன், திட்டும் வாங்கினேன். பரிசலில் நான் கடைசிவரை யாருக்கும் முதுகைக் காட்டவில்லை.

கரையில் ரோஸ்லின் வாளியோடு நின்றார். வாளியில் ஒரே ஒரு போன் கிடந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சம் இருப்பதை அவரும் அப்போதுதான் பார்த்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருடைய அப்பாவின் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இலை போட்டுச் சோறு வைத்தார். "கறி, வெஞ்சனம் எல்லாம் தீந்துருச்சு. ரசந்தேன் இருக்கு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"உங்க மேல தப்பே இல்லைங்க. நான்தான் உங்கள வரச் சொன்னேன். அங்கயே விட்டுட்டு வந்தேன், சோறு தின்னேன், கை கழுவுனேன், நாலு பேரு கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தேன். உங்க நெனப்பே வரல. பொய் சொல்லலாம், ஆனா வரலைங்கறதுதான் நெசம். உங்களக் காணோம்னா மொத ஆளாத் தேடுறவ ஒருத்தி உங்களுக்கு வரணும். அது நான் இல்லைங்க."

இவ்வளவு நியாயமாக யாரும் என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை. அதற்கு முன்னால் வேண்டாம் என்றவர்களெல்லாம் உயரம், சம்பளம், முடி என்று ஏதாவது காரணம் சொன்னார்கள். எனக்கு அவரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று நிஜமாகவே ஆசை வந்தது அந்த நிமிடத்தில்தான். "பரவால்லைங்க" என்றேன். லென்ஸ் உடைந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன். பரிசலுக்கு ஓடாத கால் அங்கேயும் ஓடவில்லை. கடைசிப் பஸ்ஸில் ஆரோக்கியத்தின் வேட்டியோடு திண்டுக்கல் வந்து சேர்ந்தேன்.

பறவைகள் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டதாக ரோஸ்லின் மெசேஜ் அனுப்பினார். கூழைக்கடாகூட வந்ததாம். ஒரு குளத்தையே கெடுக்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

காணோம் என்று தேடுகிறவள் யாரும் வரவில்லை. சூசையும் ஒரு கட்டத்தில் போன் செய்வதை நிறுத்திவிட்டார். கடை, எழுத்துப் பலகை, இது தெரியுதா, இப்பத் தெரியுதா. இப்படியே வருடங்கள் ஓடின. போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், கடையை மூடுகிற நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. பெரிய மகளுக்கு வகுப்பில் போர்டு தெரியவில்லையாம். அம்மா என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்னங்க, இவருதேன் அந்த டவுன்காரரு" என்றார் ரோஸ்லின்.

அவருடைய வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். என்னைத் தொட்டுப் பார்க்காத குறை. "ஏனுங்க, நீங்க நெசமாலுமே இருக்கறீங்களா? மாமனார் கட்டிவிட்ட கதைன்னு நெனச்சுட்டிருந்தனுங்க."

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த வருடத்துக்கு அப்புறம், திட்டு வேலை முடிந்து கடைசிப் பரிசல் கிளம்பும்போது, "டவுன்காரர் ஏறிட்டாரா?" என்று ஆரோக்கியம் கேட்பாராம். "ஏறிட்டாரு" என்று எல்லோரும் சேர்ந்து சொன்ன பிறகுதான் துடுப்பு தண்ணீரைத் தொடுமாம். அது அப்படியே ரோஸ்லின் வீட்டுக்கும் வந்துவிட்டது. கார் கிளம்பினாலும் சரி, ரயில் கிளம்பினாலும் சரி, ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். நான் இங்கே தனியாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த இத்தனை வருடமும், எங்கோ ஒரு வீட்டில் வாரத்துக்கு நாலு தடவை என்னை விசாரித்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

மகளுக்கு மைனஸ் ஒன்று. பிரேமுக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று கட்டாயப்படுத்தினார்கள். கூப்பிட்டார்கள், ஏறினேன். பின்சீட்டில் இரண்டு மகள்களுக்கும் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பியதும் சின்னவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டவுன்காரர் ஏறிட்டாரா?"

"ஏறிட்டாரு" என்றார்கள் எல்லோரும். நானும் சேர்ந்துதான் சொன்னேன். குரல் கொஞ்சம் பிசிறிவிட்டது. மழைச் சத்தத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

என் தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வாங்க என்றார் ரோஸ்லின். சரி என்றேன். என்றைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட் பக்கம் போனேன். முன் கண்ணாடி பாதி இறங்கியிருந்ததால், வண்டி நகர்கிறபோது உள்ளே கேட்டது எனக்கும் கேட்டது.

"டவுன்காரர் ஏறிட்டாரா?"

"ஏறிட்டாரு."

வண்டி திரும்பிப் போய்விட்டது. நான் நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் கேட்டில் நின்றுவிட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போனேன்.